நடுக்க விலக்கு

ஜூன் 3, செவ்வாய்

மச்சான் வந்துவிட்டுப் போனான். சும்மா வரமாட்டான், போகும்போது என் தலையில் எதையாவது இறக்கி வைத்துவிட்டுத்தான் போவான். இன்று இறக்கியது: "மாமா, புதுசு வாங்கிடுங்க. யோசிக்காதீங்க."

புதுசு என்றால் புது கேம் பெட்டி. டிவிக்குக் கீழே கிடக்கும் எங்கள் பழையதற்கு அடுத்ததாக வந்திருப்பது. எங்கள் வீட்டில் பெட்டி என்ற சொல்லே ஒரு தொல்லை. என் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். அங்கே கன்டெய்னரைப் பெட்டி என்பார்கள். மச்சான் "புதுப் பெட்டி" என்றதும் ஒரு நொடி வீட்டு வாசலில் கப்பல் வந்து நின்றது போலிருந்தது.

யோசிக்காமல் எப்படி இருப்பது? ஏணியில் சறுக்கி இடது மணிக்கட்டும் கட்டை விரலும் போய், அறுவை செய்து, மாவுக்கட்டு பிரித்த பிறகு அவள் கைக்குப் பயிற்சி இந்த விளையாட்டுதான். பயிற்சிக்காரம்மா பிசையக் கொடுத்த ரப்பர் பந்தை அவள் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டாள். விளையாட்டு இதுதான்: ஊரில் வெள்ளம். ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கயிற்றில் மாட்டைக் கட்டித் தூக்கி, ஆடாமல் மேட்டில் இறக்க வேண்டும். மாடு முடிந்தால் குதிரை, பிறகு யானை. "என் வேலையேதான். பெட்டிக்குப் பதிலா மாடு" என்று உட்கார்ந்தவள், குதிரையிலேயே நிற்கிறாள். குதிரை ஒவ்வொரு முறையும் இடது பக்கம் சரிந்து தண்ணீரில் விழுகிறது.

மச்சான் சொல்கிறான், "அக்கா கையில தப்பு இல்ல மாமா. கன்ட்ரோலர் குமிழ் தேஞ்சு போச்சு, தானா இழுக்குது. அந்த மாடலுக்கு இப்ப கன்ட்ரோலரும் கிடைக்காது." அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல? இழுப்பது கையா, குமிழா? நான் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் இழுத்தது. ஆனால் நான் பிடித்தால் எல்லாமே இழுக்கும். என் கையில் மாடே பிழைத்ததில்லை.

அடுத்த மாதம் துறைமுகத்தில் அவளுக்குத் தகுதிச் சோதனை. தேறினால் மறுபடி கிரேனில் மேலே ஏறலாம். இல்லையென்றால் அலுவலகத்தில் சீட்டு எழுதும் வேலை. "தரையில உட்கார வெச்சா நான் செத்துருவேன்" என்கிறாள். மிகையாகச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 5, வியாழன்

கடைக்குப் போனேன். இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. விற்பனைப் பையன் முகம் மலர்ந்து, "வித்தியாசம் தெரியுதா சார்?" என்றான்.

யாரிடம் கேட்கிறான்! நான் கண் சோதிப்பவன். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. "ரெண்டும் ஒண்ணுதான்... இல்ல, இருங்க... முதல்ல போட்டதை இன்னொரு தரம் போடுங்க" என்று அவர்கள் தவிப்பார்கள். ரொம்பத் தவித்தால் ஒரே வில்லையை எடுத்து மறுபடி போடுவேன். அதையே "இது பரவாயில்லை" என்பார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

இன்று அந்த நாற்காலியில் நான். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இடது பக்கம் இருக்கறது கொஞ்சம் பளிச்னு இருக்கு" என்றேன்.

"சார், அது பழசு" என்றான்.

ஜூன் 6, வெள்ளி

என் கண்ணாடிக் கடையில் என் கண்ணை நானே சோதித்துக்கொண்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மச்சானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். "நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இதுக்கு அடுத்தது வந்துரும் மாமா. அக்காவுக்கு என் பரிசு, ஓரமா உக்காருங்க."

ஓரமாக உட்கார்ந்தேன். அவனே மாட்டினான். பழைய பெட்டி ஓடினால் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் வரும். இது மூச்சே விடவில்லை. அதே வெள்ளம், அதே மாடு. தண்ணீர் கொஞ்சம் ஈரமாகத் தெரிகிறது என்று மச்சான் சொல்கிறான். பழைய தண்ணீர் காய்ந்தா இருந்தது?

எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், இதில் எல்லாம் தமிழில் வருகிறது. "தொடங்கு", "சேமி", "வெளியேறு". அவள் கைதட்டினாள். வெளியேறு என்று ஒரு எந்திரம் முகத்துக்கு நேரே சொல்வது எனக்கு அவ்வளவு மரியாதையாகப் படவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, எதற்குப் பொய்.

ஜூன் 11, புதன்

குதிரை பிழைத்தது! சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது அவள் சோபாமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். யானையையும் இறக்கிவிட்டாளாம். எனக்காக இன்னொரு தரம் இறக்கிக் காட்டினாள். கயிறு அசையவில்லை. யானை மேட்டில் கால் வைத்தது, அவ்வளவுதான்.

உடனே துறைமுக மேற்பார்வையாளருக்குப் போன். "தேதி குடுங்க சார், நான் ரெடி."

மச்சானிடமும் சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அவன் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவள் டீக் கோப்பையை எடுத்தாள். அதே இடது கை. கோப்பை நழுவித் தரையில் போயிற்று. "கவனிக்கல" என்று சொல்லித் துடைத்தாள். யானையைப் பிடித்த கைக்குக் கோப்பையைப் பிடிக்கத் தெரியவில்லையா?

ஜூன் 13, வெள்ளி

மச்சான் போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் சொல்கிறான், "அந்தப் புதுப் பெட்டியில கை நடுக்கத்தைக்கூடத் தானா சரி பண்ற வசதி இருக்காம் மாமா. செம இல்ல?"

பேச்சை முடித்து உடனே போனை வைத்தேன்.

அவள் காய் வாங்கப் போயிருந்தாள். பெட்டியைப் போட்டு அமைப்புகளுக்குள் போனேன். தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் அகப்பட்டது. ஒரே ஒரு வரி:

நடுக்க விலக்கு — இல்லை

திரும்பத் திரும்பப் படித்தேன். விலக்கு இல்லை. வரி விலக்கு இல்லை என்றால் வரி உண்டு. அப்படியானால் இவள் நடுக்கத்துக்கும் விலக்கு இல்லை. பெட்டி அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது. குதிரை, யானை எல்லாம் பெட்டி இறக்கியது. அவள் சும்மா பிடித்திருக்கிறாள்.

அவளிடம் சொன்னால் நொறுங்கிப்போவாள். சொல்லாவிட்டால் மேலே ஏறுவாள். அங்கே திருத்துவதற்கு யாரும் இல்லை. பெட்டி இறங்கும் இடத்தில் ஒரு ஆள் நிற்பார், மூலைகளில் பூட்டு மாட்டுகிறவர். "மேல இருந்து பார்த்தா அவரோட மஞ்சத் தொப்பி மட்டும்தான் தெரியும்" என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அந்தத் தொப்பி இப்போது என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 14, சனி

சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தது தப்பில்லையே? என் தொழிலில் அப்படித்தான். எந்த வில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் உண்மையாக வராது.

திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது அந்த வரியை "ஆம்" என்று மாற்றினேன். அதாவது விலக்கு உண்டு, இனி திருத்தம் கிடையாது என்று. அன்று யானை விழுந்தது. குதிரையும் விழுந்தது. மாடுகூடத் தத்தளித்தது. "இன்னைக்குக் கை என் பேச்சையே கேக்கல" என்றாள்.

நேற்று மறுபடி "இல்லை". யானை அழகாக இறங்கியது. இன்று "ஆம்". யானை போயிற்று. அவள் கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்துவிட்டுத் தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருந்தேன். ஒரு வரி படிக்கவில்லை.

ஆக, தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் குழப்பம் தீரும் என்றுதானே இதைத் தொடங்கினேன்? தீரவில்லையே. ஏன் தீரவில்லை?

ஜூன் 20, வெள்ளி

நான் திரும்பியபோது பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "சோதனைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்ல. அப்படி ஒரு கையை நம்பி எவன் தலைக்கு மேல பெட்டியத் தூக்கறது? எனக்கே பயமா இருக்கு. எனக்கு மேல ஏற பயம்னு நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

நான் விரும்பிய முடிவுதான் இது. மஞ்சள் தொப்பிக்காரர் பிழைத்தார். ஆனால் அவள் அழுதாள். ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட அழாதவள். ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? ஒரு நாள் இருக்கு ஒரு நாள் இல்லைன்னு ஆக்கினதே நான்தானே? கை பாட்டுக்கு ஒரே மாதிரிதான் இருந்திருக்கு. நான்தான் மாத்தி மாத்திப் போட்டேன்.

ஜூன் 21, சனி

காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சான் சொன்னது, அந்த வரி, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, எல்லாம்.

அவளுக்குச் சாதாரணமாக நான் "நீ". கோபம் வந்தால் "நீங்க". எங்கள் வீட்டில் மரியாதை கிடைத்தால் ஆபத்து என்று அர்த்தம்.

"என்னைக் கொண்டுபோய் உங்க நாற்காலியில உக்கார வெச்சுட்டீங்க, இல்ல? அங்க வர்றவங்களுக்காவது கண்ணைச் சோதிக்கறாங்கன்னு தெரியும்."

அவள் போய்ப் பெட்டியைப் போட்டாள். அந்த வரியைத் தானே தேடி எடுத்தாள். "ஆம்" என்று வைத்துக் குமிழை அசைத்தாள். "இல்லை" என்று வைத்து அசைத்தாள். மறுபடி "ஆம்". முகம் மெல்ல மாறியது. என்ன மாற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

"கண்ணாடிக்காரரே, இங்க வாங்க. 'ஆம்'னு வெச்சாத்தான் இது கையப் பிடிச்சு இழுக்குது. நான் சொல்றத உடனே கேக்கறதில்ல. கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் நகருது, உங்கள மாதிரி."

"அது எப்படி? வரி விலக்கு மாதிரி, விலக்கு ஆம்னா திருத்தம் இல்லைன்னுதானே..."

"நடுக்கத்தை விலக்கணுமான்னு கேக்குது. ஆம்னா விலக்கும், இல்லைன்னா விலக்காது. இதுல என்ன இருக்கு? நடுவுல வரி எங்க வந்துச்சு?"

மச்சானுக்குப் போன் போட்டேன். "ஆமா மாமா, ஆம்னாத்தான் அது வேலை செய்யும். நான் வாங்கி மாட்டினப்ப அதைத் தொடவே இல்லையே. ஏன், என்னாச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்படியானால் முதல் யானை அவள் இறக்கியது. அவள் கை மட்டும். பெட்டி உதவி செய்த நாட்களில்தான் யானை விழுந்திருக்கிறது. உதவியை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு உதவியைப் போட்டுவிட்டவன் நான்.

உதவி செய்தால் ஏன் விழ வேண்டும்? அதையும் அவள்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். தொங்குவது ஆடத்தான் செய்யும். ஆடும் பக்கமே ஒரு பொட்டு இழுத்தால் நின்றுவிடும். கிரேனில் அவள் கை நாள் முழுக்க அதைத்தான் செய்யும், நினைக்காமலே. "அந்தச் சின்ன இழுப்பைத்தான் இது நடுக்கம்னு நினைச்சு அழிச்சுடுது. நீங்களும் அதைத்தான் நினைச்சீங்க."

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் நீங்க. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன், சாப்பிடுங்க."

நான் ஒரு முட்டாள். மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, "சோதனைக்கு வர்றேன்" என்று சொல் என்றேன். காலையிலிருந்து எத்தனை தரம் சொன்னேனோ. கடைசியில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப என் கை நல்லா இருக்குன்னு யார் சொல்றது? நீங்களா, பெட்டியா? போன வாரம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே இல்லைன்னு சொன்னீங்க? நானும் நம்பினேன். என் கையவிட உங்களை நம்பினேன்."

இப்போது குழப்பம் அவளுடையது. என்னிடமிருந்ததை அப்படியே எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். விளையாடிப் பார்க்கலாம் என்றேன், தொடமாட்டேன் என்றாள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் உறைத்தது. இந்தக் கையைப் பற்றி நான் பயிற்சிக்காரம்மாவிடம் கேட்டிருக்கிறேன், மச்சானிடம் கேட்டிருக்கிறேன், திருட்டுத்தனமாகப் பெட்டியிடம் கேட்டிருக்கிறேன். இவளிடம் கேட்டதில்லை. "வலிக்குதா" என்று கேட்டிருப்பேன். அது கேள்வி இல்லை.

"உன் கை எப்படி இருக்கு?" என்றேன்.

கிண்டல் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். போர்வையைப் பாதியில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"காலையில விறைப்பா இருக்கு. கொஞ்ச நேரம் ஆட்டினா சரியாயிடுது. கட்டை விரல் நுனி மரத்துத்தான் கிடக்கு, அதான் கோப்பை வழுக்குது. கீழ விழற வரைக்கும் வழுக்குதுன்னே தெரியறதில்ல. ஆனா குமிழைப் பிடிச்சா எங்க நிறுத்தணும்னு தெரியுது. அது விரல்ல இல்ல, மணிக்கட்டுல இருக்கு."

"அதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"யாரும் கேக்கலயே."

போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மடித்தோம்.

ஜூன் 26, வியாழன்

அவளே துறைமுகத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் கடையில் இருந்தபோது. மேற்பார்வையாளர், "நீ அன்னைக்கு ஏதோ வீட்டுச் சண்டையில பேசறேன்னு நினைச்சேம்மா, பேரை எடுக்கவே இல்ல" என்றாராம். பெரிய மனிதர். சண்டைக்கு முன்னாலேயே சண்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

விரல் நுனி மரத்திருப்பதையும் சொல்லிவிட்டாளாம். மருத்துவர் அதைப் பார்ப்பாராம். அதை மறைத்திருக்கலாமே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. ஏன் எனக்கு இப்படியே தோன்றுகிறது?

ஜூலை 9, புதன்

சோதனை. என்னை வரவேண்டாம் என்றாள். கடையில் ஒருவருக்கு வலது கண் வில்லையை இடது கண்ணுக்குப் போட்டுவிட்டு "தெளிவா?" என்றேன். "அய்யா, இருந்ததும் போச்சு" என்றார்.

மாலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் வந்தாள், வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை, என்னால் எதைத்தான் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது? கேட்டேன்.

"ஏத்திக்கிட்டாங்க. கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல ஒரு ஆள் உக்காருவார். வழுக்காத கையுறையா மாத்தித் தராங்க. மேல காத்து செமையா இருந்துச்சு" என்றாள். பிறகு, "நீ ஏன் கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கற, கொசு வரும்" என்றாள்.

நீ.

ஜூலை 13, ஞாயிறு

மச்சான் வந்திருந்தான். நடந்தது எதுவும் அவனுக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்வான். "இப்பவாவது சொல்லுங்க மாமா. பழசுக்கு இது தேவலாமா, இல்லையா?"

யோசித்தேன். படம்? எனக்கு இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் இல்லை, அது சுகம். குமிழ் இழுக்கவில்லை, பழையதிலேயே இருந்திருந்தால் குதிரையோடு சேர்ந்து அவளும் மூழ்கியிருப்பாள். ஆகவே நல்லது. புதியது வராமல் இருந்திருந்தால் அவளும் நானும் அந்த இரண்டு வாரப் பாட்டைப் படாமல் இருந்திருப்போம். ஆகவே கெட்டது. ஆனால் அதில் பெட்டியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு?

"உள்ள போய் நோண்டாதவங்களுக்கு நல்ல பெட்டி" என்றேன்.

"இதுக்கு நேரா ஒரு பதில் சொல்லக்கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

ஜூலை 24, வியாழன்

துறைமுகத்துப் பக்கம் ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டுக் கம்பி வேலி ஓரம் கொஞ்சம் நின்றேன். உள்ளே வரிசையாகக் கிரேன்கள், எல்லாம் ஒரே நீலம், எல்லாம் ஒரே உயரம். எதில் அவள் என்று தெரியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து மேலே கண்ணாடி அறைக்குள் ஆள் இருப்பதே தெரியாது.

நடுவில் இருந்த கிரேனிலிருந்து சிவப்புப் பெட்டி ஒன்று இறங்கி வந்தது. காற்று இருந்தது, வேலியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை படபடத்தது. பெட்டி பாதியில் ஒரு பக்கம் ஒதுங்கியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உடனே நேராகி நின்றது. பிறகு அப்படியே இறங்கி லாரிமேல் உட்கார்ந்தது. தள்ளி நின்றிருந்த மஞ்சள் தொப்பிக்காரர் நடந்து வந்து மூலையைப் பூட்டத் தொடங்கினார். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அது இவள்தானா? தெரியவில்லை. சாயங்காலம் வந்ததும் கேட்க வேண்டும்.